இடப்பக்கத்து முகம்

கொடைக்கானல் ஏழுரோட்டுச் சந்திப்பில், தைலமும் சாக்லேட்டும் விற்கிற கடையின் வாசலில், காளியாயி தன் முகத்தை ஆள் உயரத்துக்குப் பார்த்தாள்.

முதலில் அது தன் முகம் என்றே அவளுக்குப் படவில்லை. விளம்பரத் தட்டியின் வலப்பக்கத்தில் இருந்த படத்தைத்தான் கண்டுகொண்டாள். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, பல் தெரியும் சிரிப்பு. அவள் தங்கை வடிவு, கலரில். "அடியாத்தி, நம்ம புள்ள" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓரடி கிட்டே போனாள். அப்புறம்தான் பார்வை இடப்பக்கம் நகர்ந்தது. அங்கே கறுப்பு வெள்ளையில் ஒரு கிழவி இருந்தாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே தோல் மடிந்து, நெற்றியெல்லாம் வரி. கிழவியின் ரவிக்கைத் தோளில் ஒரு ஒட்டுத் துணி தைத்திருந்தது. அந்த ஒட்டைக் காளியாயி தன் கையால் போட்டிருந்தாள்.

படங்களுக்கு மேலே கொட்டை எழுத்தில் 'முன்பு, பின்பு! ஆறே வாரங்களில்!' என்று அச்சடித்திருந்தார்கள். கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'திருமதி கே., வயது 52. யுவகாந்தி கிரீம் உபயோகிக்கும் முன்.'

காளியாயிக்கு அப்போது வயது முப்பத்தாறு. அவள் திருமதியும் இல்லை.

சீசன் கூட்டம். கீழ்நாட்டிலிருந்து வந்த புதுமணத் தம்பதி ஒன்று தட்டிக்கு முன்னால் நின்றது. அந்தப் பெண் புருஷனின் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ, அந்த இடப்பக்கத்து மூஞ்சியப் பாருங்களேன். எனக்கும் இப்பிடி ஆயிருமோன்னு பயமா இருக்குங்க." புருஷன் சிரித்துக்கொண்டே கடைக்குள் போய் கிரீம் வாங்கி வந்தான். அந்த முகத்துக்காரி கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றிருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்ததால் அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

காளியாயி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, மண்ணெண்ணெய் வாங்க வந்ததையும் மறந்து, அட்டுவம்பட்டி வரைக்கும் நடந்தே போனாள். மற்ற எதைப் பொறுத்துக்கொண்டாலும், அன்றைக்கு அந்த முந்தானையை இழுத்து மூடியதை அவளால் பிற்பாடும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தப்புச் செய்தவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறான், நான் எதற்கு மூடினேன் என்று தன்மேலேயே பல்லைக் கடிப்பாள்.

யுவகாந்தி கிரீம் அட்டுவம்பட்டியில்தான் தயாராயிற்று. முதலாளி ஞானவேல் மதுரைக்காரர், மருந்துப் படிப்புப் படித்தவர். எண்பத்தாறில், ஒரு பழைய ஓட்டு பங்களாவை வாடகைக்குப் பிடித்துக் கம்பெனி தொடங்கினார். பாச்சலூர்ப் பக்கத்திலிருந்து பட்டர் ஃப்ரூட் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். சதையை வழித்து உலர்த்தி, செக்கில் பிழிந்து எண்ணெய் எடுப்பார்கள். விட்டமின் ஈ மாத்திரைகளை ஊசியால் குத்தி, உள்ளே இருக்கிற பிசினைக் கிண்ணத்தில் பிதுக்குவது ஒரு வேலை. மெழுகை உருக்கி, எண்ணெயைக் கலந்து, ஆறும்போது விட்டமின் சி தூளைப் போட்டு, கை ஓயக் கிண்டுவது இன்னொரு வேலை. அந்தக் கிண்டும் வேலை காளியாயிக்கு.

அதுவரை அவள் பார்த்ததெல்லாம் காட்டுவேலை. இலங்கையில் நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே அப்பன் செத்த மறு வருஷம், ஊருக்குப் போங்கள் என்று கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். மண்டபம் முகாமில் ஆத்தாளும் காய்ச்சலில் போய்விட்டாள். வடிவு அப்போது இடுப்பில் உட்காரும் பிள்ளைதான். அவளைத் தூக்கிக்கொண்டு, தெரிந்த நாலு குடும்பத்தோடு காளியாயி கொடைக்கானல் வந்து சேர்ந்தாள். தை மாதத்துப் பனியில் வெள்ளனே போய் கேரட் பிடுங்கி ஓடையில் கழுவினாள். வெயிலில் உருளைக்கிழங்கு தோண்டினாள். ராத்திரி ஈர விறகை ஊதி ரொட்டி சுட்டாள். கல்யாணம் என்று ஒன்று கூடிவரவில்லை. தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறவளை யாரும் வந்து கேட்கவும் இல்லை.

ஆகவே கூரைக்குக் கீழே நின்று செய்கிற வேலை என்றதும் அவளுக்கு அது பெரிய கொடுப்பினையாகத் தெரிந்தது. ஞானவேலும் நல்ல மாதிரிதான் நடந்துகொண்டார். சம்பளத்தை இழுத்தடிக்க மாட்டார். இரண்டு வேளையும் தேத்தண்ணி உண்டு. வெளியூர் வியாபாரிகள் வந்தால் ஒரு ஆப்பிளை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியில் எலுமிச்சம் சாற்றைத் தேய்த்து, மறுபாதியை அப்படியே விட்டுவிட்டுப் பேச ஆரம்பிப்பார். பேசி முடிக்கும்போது சாறு படாத பாதி கறுத்திருக்கும்.

"பாத்தீங்களா? காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் செய்ற வேலை. நம்ம தோலும் இந்த ஆப்பிள் மாதிரிதான். அதத் தடுக்கிற சாமானுக்குப் பேரு ஆன்ட்டி ஆக்ஸிடன்ட். அமெரிக்காவுலயே இப்பத்தான் பேசுறான். நம்ம கிரீமுல விட்டமின் ஈ, விட்டமின் சி ரெண்டும் இருக்கு."

வியாபாரிகள் தலையாட்டுவார்கள். காளியாயியும் நம்பினாள். சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருப்பதை வழித்து முகத்தில் தேய்த்துக்கொண்டுதான் அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். அவளோடு வேலை செய்த அமலிக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. கடைகளிலிருந்து திரும்பி வருகிற பாட்டில்களைத் திறந்தால் உள்ளே கிரீம் பழுப்பேறிக் கிடக்கும். அதை வழித்தெடுத்து, குங்குமப்பூக் கலர் போட்டு, மறுபடி அடைப்பார்கள். "ஊரார் மூஞ்சியக் காப்பாத்துற கிரீமு, தன்னக் காப்பாத்திக்க மாட்டேங்குதே மாதாவே" என்று அமலி சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் படம் எடுத்த நாளும் காளியாயிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மரியஅந்தோணி காமிராவோடு வந்தார். வேலையாட்களுக்கு அடையாள அட்டை என்று ஞானவேல் சொன்னார். மற்றவர்களை வரிசையாக நிறுத்தி மளமளவென்று எடுத்து முடித்தார்கள். காளியாயியை மட்டும் ஜன்னல் பக்கம் தனியாக நிறுத்தினார்கள். முகம் கழுவிட்டு வாரேன் சார் என்றாள், வேண்டாம் என்றார்கள். சிரித்தாள், சிரிக்காதே என்றார்கள். விளக்கைக் கீழே தரையில் வைத்து, முகத்துக்கு நேராகத் திருப்பினார்கள். கண் கூசிச் சுருங்கிற்று. அந்தச் சமயம் பார்த்து எடுத்தார்கள். மறுவாரம் வடிவை வரச் சொல்லி, பட்டுச்சேலை கொடுத்து, பவுடர் போட்டு, கம்பெனி காலண்டருக்கு என்று எடுத்தார்கள். அக்காளும் தங்கையும் ஒரே ஜாடை. அதே மூக்கு, அதே தாடைக்குழி. 'எங்க புள்ள காலண்டருல வரப்போகுது' என்று காளியாயி வீட்டு வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஏழுரோட்டிலிருந்து அவள் வீட்டுக்கு வந்தபோது வடிவு ரொட்டிக்குத் தேங்காய் திருகிக்கொண்டிருந்தாள்.

"மண்ணெண்ணெய் எங்கக்கா?"

"ஏழுரோட்டுல நம்ம ரெண்டு பேரு படத்தையும் பாத்தேன்."

வடிவின் கை நின்றது. என்ன படம் என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேட்காததிலேயே காளியாயிக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"அச்சடிச்சு வந்தன்னிக்கே காட்டுனாரு."

"காட்டுனாரு. நீ பாத்தே. பாத்துட்டு வந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா நீ சும்மா இருப்பியா?" வடிவு எழுந்து நின்றாள். "மதுரையில கட போடப் போறாராம். அதுல எனக்கு வேல தாரேன்னு சொல்லியிருக்காரு. வட்டக்கானல் லாட்ஜுல ஊருலேருந்து வாறவன் குடிச்சுட்டு வாந்தியெடுத்துவச்ச ரூம எத்தன நாளைக்குக் கழுவுறது? பூக்கண்காட்சியில அவரு ஸ்டால்ல நான்தான் நிக்கணும். அது நல்லா நடந்தா அடுத்த மாசமே மதுரை."

"ஸ்டால்ல நின்னு என்ன சொல்லணும்?"

வடிவு கீழே பார்த்தாள்.

"சொல்லுடி. என்ன சொல்லச் சொன்னாரு?"

"ரெண்டு படமும் நாந்தான்னு."

காளியாயி கையை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை. ஓங்கிய கையால் தேங்காய்த் தட்டை வீசியடித்தாள். அது சுவரில் மோதிச் சிதறிற்று.

"பேரா போட்டிருக்கு? அது நீதான்னு யாருக்குக்கா தெரியும்?" என்று வடிவு அழுதாள்.

"எனக்குத் தெரியும்ல. ஒனக்குத் தெரியும்ல."

அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் ஞானவேலின் அறைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் மேஜையில் புது பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஏழுரோட்டுல என் படத்த வச்சிருக்கீங்க."

"பாத்துட்டியா? அமர்க்களமா வந்திருக்குல்ல?"

"அடையாள அட்டைக்குன்னு சொல்லி எடுத்தீங்க. அம்பத்தி ரெண்டு வயசுன்னு போட்டிருக்கீங்க."

"அது விளம்பரம்மா. எல்லாக் கம்பெனியும் செய்றதுதான். உன் பேரையா போட்டேன்? கே-ன்னுதானே இருக்கு?"

"அத எடுத்துருங்க சார்."

ஞானவேல் லேபிளைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "இங்க பாரு காளியாயி. உன் மூஞ்சியில ஒரு குத்தமும் இல்ல. வெயிலு, பனி, அடுப்புப் பொகை, அத்தனையும் அதுல எழுதியிருக்கு. ஆக்ஸிடேஷன்னா என்னன்னு பாடம் நடத்தலாம். மெட்ராஸ்ல காசக் கொட்டித் தேடுனாலும் இப்பிடி ஒரு மூஞ்சி கெடைக்காது. நீ சந்தோஷமில்ல படணும்?"

அவர் சொன்னதில் வசவு ஒன்றுகூட இல்லை. வைதிருந்தால் காளியாயி திருப்பி வைதிருப்பாள். அவர் பாராட்டுகிற மாதிரியல்லவா சொன்னார். அவர் அலமாரியைத் திறந்து இரண்டு பாட்டில்களை எடுத்து நீட்டினார்.

"இந்தா. நீயும் வச்சுக்க. ஒழுங்கா தெனம் பூசிட்டு வா, நல்ல மாத்தம் தெரியும்."

அப்போதுதான் அவளுக்கு வாய் திறந்தது.

"பூசாமலா இருக்கேன்? நான் இந்தச் சட்டியில கை வச்சு ஒரு வருசம் ஆச்சு. தெனமும் வழிச்சுப் பூசிட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். நீங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க. ஒரு வருசம் பூசின மூஞ்சியப் பிடிச்சு வச்சுக்கிட்டு, பூசாத மூஞ்சின்னு ஊருக்குக் காட்டுறீங்களே, ஒங்களுக்குக் கூச்சமா இல்ல?"

சிரிப்பு அப்போதுதான் போயிற்று. "ரொம்பப் பேசாத. கூலிக்கு வந்தவ சோலியப் பாரு. பிடிக்கலன்னா நாளையிலேருந்து வர வேணாம்."

"இன்னிக்கே போறேன்" என்று காளியாயி இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து அவர் மேஜைமேல் போட்டாள். லேபிள்களின்மேல் விழுந்தது. வெளியே வரும்போது செக்கடியிலிருந்து அமலி ஓடிவந்து கையைப் பிடித்தாள். காளியாயி உதறிவிட்டுப் போனாள். அமலிமேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அப்போது யார் தொட்டாலும் சுட்டிருக்கும்.

அடுத்து வந்த நாட்களில் அந்தத் தட்டி ஊர் முழுக்க முளைத்தது. பஸ் ஸ்டாண்டில் ஒன்று, ஏரிக்கரையில் குதிரைக்காரர்கள் நிற்கிற இடத்தில் ஒன்று. காய்கறிக் கடைக்காரன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஒங்களுக்கு அம்பதா ஆச்சு?" என்று கேட்டான். பைப்படியில் ஒருத்தி, "நீ எம்புட்டு வாங்குனே அதுக்கு?" என்றாள். எல்லாரும் அவளிடம்தான் கேட்டார்கள். ஞானவேலிடம் போய் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கோபம் அவளுக்குள் அடுப்புக்கரி மாதிரி கனிந்துகொண்டே கிடந்தது. வடிவோடு பேச்சு இல்லை. இருந்தாலும் ரொட்டியில் பாதியை எடுத்து வைத்துவிடுவாள்.

மே மாதம் பிரையண்ட் பூங்காவில் பூக்கண்காட்சி தொடங்கிற்று. வடிவு காலையிலேயே அந்தப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, அக்காளின் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிப் போனாள். அவள் போய்ச் சற்று நேரம் கழித்துக் காளியாயி எழுந்தாள். தோளில் ஒட்டுப்போட்ட அதே ரவிக்கையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். முகம் கழுவினாள், தலை சீவினாள். தலைத்துண்டைக் கட்டவில்லை.

ஸ்டாலைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. கூட்டம் அங்கேதான் அதிகம். நடுவில் அந்தத் தட்டி, அதன் ஒரு பக்கம் வடிவு, மறுபக்கம் ஆப்பிளும் கத்தியுமாக ஞானவேல். 'காத்துல இருக்கிற ஆக்ஸிஜன்' என்ற இடத்துக்கு அவர் வந்திருந்தார். காளியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போய், இடப்பக்கத்துப் படத்துக்குக் கீழே, ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

ஞானவேலின் பேச்சு தடுமாறிற்று. முன்வரிசையில் நின்ற ஒரு டீச்சரம்மாள் படத்தைப் பார்த்தார், காளியாயியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏங்க, இந்தப் படத்துல இருக்கிறது இந்தம்மாதானே?"

"இல்லைங்க" என்றார் ஞானவேல் சட்டென்று. "அது… இவங்க இந்தப் பொண்ணோட அம்மாங்க. ஒரே ஜாடை. அதான்."

"உங்க அம்மாவா?" என்று டீச்சரம்மாள் வடிவைக் கேட்டார்.

வடிவு அக்காளின் முகத்தைப் பார்த்தாள். ஞானவேல் பல்லிடுக்கில், "ஆமான்னு சொல்லு" என்றார். அது முன்வரிசைக்கே கேட்டது.

"எங்கம்மா மண்டபம் கேம்புல செத்துப்போச்சு" என்றாள் வடிவு.

மறுபடி, இன்னும் உரக்கச் சொன்னாள்: "எங்கம்மா செத்துப்போச்சு. இது எங்கக்கா. முப்பத்தாறு வயசு. அந்தப் படம் எங்கக்கா, இந்தப் படம் நான். நான் இந்தக் கிரீமப் பூசினதே இல்ல. பூசினதெல்லாம் அவதான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ, "அடப் பாவிங்களா" என்றார்கள். முதல்நாள் கடையில் வாங்கிப் போன ஒருவர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு, "என் பணத்தக் குடுய்யா" என்று முன்னே வந்தார். ஞானவேல் இரண்டு கையையும் தூக்கி என்னென்னவோ இங்கிலீஷில் சொன்னார். அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

காளியாயி பேசுவதற்கு நிறைய வைத்திருந்தாள். பனியைப் பற்றி, ஓடைத் தண்ணியைப் பற்றி, இந்த முகம் எப்படி வந்தது என்பதைப் பற்றி. வருகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். நேரம் வந்தபோது ஒன்றும் வாயில் நிற்கவில்லை.

"என் மூஞ்சியக் குடுங்க" என்றாள். அவ்வளவுதான் வந்தது. மறுபடியும், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "என் மூஞ்சியக் குடுய்யா!"

திரும்பி, தட்டியின் ஓரத்தில் நகத்தை விட்டுக் காகிதத்தைப் பிடித்து இழுத்தாள். பசை காய்ந்திருந்தது. ஞானவேல் அவள் கையைப் பற்றினார். அவள் தோளால் ஒரு தள்ளு தள்ளினாள். கேரட் மூட்டை தூக்கிய தோள். அவர் பாட்டில் அடுக்கின்மேல் போய்ச் சாய்ந்தார். பாட்டில்கள் சரிந்து உருண்டு புல்லில் விழுந்தன. காளியாயி திரும்பிப் பார்க்காமல் கிழித்தாள். நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் படம் ஒன்றாக வந்துவிட்டது. தோளில் இருந்த ஒட்டு மட்டும் தட்டியிலேயே தங்கிற்று.

சத்தம் கேட்டுப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். "என்னம்மா கலாட்டா?"

"என் படத்த நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

போலீஸ்காரர் அவள் கையிலிருந்த முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்தார். ஞானவேல், "சார், டேமேஜ், அத்தனையும் டேமேஜ்" என்று தொடங்கினார். டீச்சரம்மாளும் அவரோடு வந்த பெண்களும் ஒரே நேரத்தில் போலீஸ்காரரிடம் கத்த ஆரம்பித்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நீ போம்மா, போ" என்றார்.

அன்றைக்கே ஸ்டாலை மூடிவிட்டார்கள். ஊரில் இருந்த தட்டிகளும் ஒவ்வொன்றாக இறங்கின. அதற்காக ஞானவேல் ஒன்றும் நொடித்துப்போகவில்லை. மழைக்காலத்துக்குள் பங்களாவைக் காலி செய்துகொண்டு மதுரைக்கே போய், அங்கிருந்து அதே கிரீமை விற்றார். இந்தத் தடவை படத்தில் ஆளே இல்லை, நறுக்கின ஆப்பிள் மட்டும். நன்றாகவே போகிறது என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் காளியாயிக்கு வயிறு எரிந்தது. வேலை போன அமலியும் மற்றவர்களும் அவள்மேல் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். அதுவும் அவளுக்கு எரிச்சல்தான். ஆனால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. அவளே பழையபடி பிளம்ஸ் தோட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கண்காட்சியன்று சாயங்காலம் வடிவு பட்டுச்சேலையை மடித்துக் கம்பெனி வாசலில் போட்டுவிட்டு, பையில் கொண்டுபோயிருந்த பழைய பாவாடை தாவணியோடு வீட்டுக்கு வந்தாள். காளியாயி அந்தக் காகிதத்தைத் தரையில் விரித்து, ஓரங்களில் கல் வைத்து, முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மதுரை போச்சு" என்றாள் வடிவு. "நாளைக்கு மறுபடியும் வட்டக்கானல். அந்த வாந்திய நாந்தான் கழுவணும். ஒனக்கென்ன."

"நான் ஒன்னப் பேசச் சொல்லல."

"நீ வந்து நின்னியே. அப்புறம் நான் எப்பிடிப் பேசாம இருக்கிறது?" வடிவு அழுதாள். கோபத்தோடு அழுதாள். காளியாயி அவளைத் தேற்றவில்லை. பிறகு வடிவு மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"இதக் கொளுத்திரட்டா அக்கா? அடுப்புக்குக் காகிதம் இல்ல."

"எதுக்குக் கொளுத்தணும்?" காளியாயிக்குச் சுருக்கென்று வந்தது. "அவன் செஞ்ச அயோக்கியத்தனத்துக்கு என் மூஞ்சி என்னடி பண்ணுச்சு? இதையா நான் முந்தானையப் போட்டு மூடிக்கிட்டு வந்தேன்?"

வடிவு கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். கீழேயிருந்து வெளிச்சம் அடித்ததில் ஒவ்வொரு வரியும் பள்ளமாகத் தெரிந்தது.

"லைட்ட வேணும்னே கீழ வச்சிருக்கான் நாயி" என்று வைதாள் வடிவு.

"நல்லா வையி" என்றாள் காளியாயி. "இன்னும் நல்லா வையி."